சிலைக்கு விலை கேட்ட கதை

1998 ஆம் ஆண்டு புடவைச் சாமான் எடுப்பதற்காக நானும் என் மச்சானும் சென்னைக்குப் போயிருந்தோம். நம் பகுதி வியாபாரிகளின் வழக்கப்படி மண்ணடியில் ஒரு லொட்ஜில் தங்கி, சௌகார்பேட்டையில் நான்கு நாள் அலைந்து கொள்முதலை முடித்தோம். ஐந்தாம் நாள் வேலை இல்லை. தமிழ்ப் படங்களில் பார்த்துப் பழகிய வி.ஜி.பி. கோல்டன் பீச்சுக்குப் போவோம் என்றான் மச்சான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் பொழுதுபோக்குப் பூங்கா அது.

உள்ளே ஓரிடத்தில் தலைப்பாகையும் பெரிய மீசையுமாக அரண்மனைக் காவலன் போல ஒரு சிலை நின்றது. கிட்டப் போய்ப் பார்த்தேன். வியாபாரி புத்தி சும்மா இருக்குமா? பக்கத்தில் நின்ற பூங்கா ஊழியரிடம், “தம்பி, இதைச் செய்ய எவ்வளவு போயிருக்கும்? எங்கட கடை வாசலுக்கும் இப்படி ஒன்று செய்விக்கலாமா?” என்று கேட்டேன். சுற்றி நின்ற பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அப்போதுதான் சிலையின் கண்ணிமை ஒரு தடவை மூடித் திறந்ததைக் கண்டேன். அது சிலை அல்ல, மனிதர். மணிக்கணக்கில் அசையாமல், சிரிக்காமல் நிற்பதுதான் அவருடைய தொழில்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. மச்சான் இன்று வரை கல்யாண வீடுகளில் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பான். ஆனால் நான் மறக்காதது வேறு ஒன்றை. அந்த ஊழியர் சிரிக்கவில்லை. “நிறைய பேர் இப்படித்தான் சார் கேட்பாங்க. அவரைச் சிரிக்க வைக்க முடியுமான்னு முயற்சி பண்ணிப் பாருங்க” என்றார். என் வெட்கத்தை ஒரு விளையாட்டாக மாற்றிவிட்டார். நாங்கள் மேலும் அரை மணி நேரம் அங்கேயே நின்றோம். பிறகு உள்ளே போய்ச் சாப்பிட்டோம், சோடா குடித்தோம், படம் எடுத்தோம். எல்லாம் காசுதான்.

அந்தப் பூங்காவை உருவாக்கிய வி.ஜி.பன்னீர்தாஸ், வீட்டுப் பொருள்களைத் தவணை முறையில் விற்று முன்னேறிய வியாபாரி. லண்டன் பக்கிங்ஹாம் மாளிகை வாசலில் அசையாமல் நிற்கும் காவலரைப் பார்த்து வந்துதான் இந்த யோசனை அவருக்குப் பிறந்தது என்பார்கள். வருகிறவன் ஏமாறுவான், ஏமாந்தவன் வெட்கப்படக் கூடாது, இரண்டும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மூன்று மணி ஊர்வலம் எத்தனை மணிக்கு?

1955 இல் கலிபோர்னியாவில் திறக்கப்பட்ட டிஸ்னிலாண்டையும் பின்னர் வந்த டிஸ்னி பூங்காக்களையும் பற்றிச் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. “மூன்று மணி ஊர்வலம் எத்தனை மணிக்கு?” இது அங்கே பார்வையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. நம் கடையில் யாராவது “நூறு ரூபாய்ச் சாமான் என்ன விலை?” என்று கேட்டால் என்ன செய்வோம்? கடைப் பையனைப் பார்த்துக் கண்ணடிப்போம். அங்கே ஊழியர்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுப்பது வேறு. கேட்பவர் முட்டாள் அல்ல. ஊர்வலம் மூன்று மணிக்குப் புறப்படும். தான் நிற்கும் இடத்துக்கு அது எப்போது வரும், பிள்ளைகளை எங்கே நிறுத்தினால் நன்றாகத் தெரியும், இதையே அவர் கேட்க நினைக்கிறார். வாய் ஒன்றைக் கேட்கிறது, மனம் இன்னொன்றைக் கேட்கிறது. மனம் கேட்பதற்கு விடை சொல்கிறவனே வியாபாரி.

அதே கம்பனி 1992 ஏப்ரலில் பாரிஸுக்கு அருகில் பூங்கா திறந்தபோது தவறான எண்ணம் எதிர்ப்பக்கத்தில் இருந்தது. ஐரோப்பியர்கள் காலைச் சாப்பாடு சாப்பிட மாட்டார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி ஹோட்டல் சாப்பாட்டு மண்டபங்களைச் சிறிதாகக் கட்டினார்கள். காலையில் சனம் வரிசையில் நின்றது. திங்கட்கிழமை கூட்டம் குறையும், வெள்ளிக்கிழமை கூடும் என்று கணக்குப் போட்டார்கள். நடந்தது நேர்மாறு. கம்பனி பெரும் நட்டத்தில் விழுந்து, 1994 இல் கடன்களைத் திருத்தி அமைத்து, சவூதி இளவரசர் அல்வலீத் பின் தலாலின் முதலீட்டையும் பெற்றுத்தான் மூச்சு விட்டது. வருகிறவன் நம்மைப் பற்றித் தப்பாக நினைத்தால் ஒரு சிரிப்போடு போய்விடலாம். நாம் அவனைப் பற்றித் தப்பாக நினைத்தால் நம் முதல் போய்விடும்.

நம் வாவிக்கரைக்கு வருகிறவர்கள்

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். மட்டக்களப்பு வாவிப் பகுதி முழுவதுமே இன்று ஒரு பெரிய பூங்கா போலத்தான். பாசிக்குடாவில் குளிக்க வருகிறார்கள். கல்லடிப் பாலத்தில் நின்று படம் எடுக்கிறார்கள். காத்தான்குடி பிரதான வீதியின் நடுவே நிற்கும் பேரீச்ச மரங்களைக் கண்டு வேனை நிறுத்துகிறார்கள். யுத்தம் 2009 இல் முடிந்த பிறகு வந்த காட்சிகள் இவை.

அவர்கள் கேட்கும் கேள்விகளைச் சில வருடங்களாக ஒரு கொப்பியில் எழுதி வைத்து வருகிறேன். “பாடும் மீன் கிலோ என்ன விலை, எந்தக் கடையில் வாங்கலாம்?” என்று ஒருவர் கேட்டார். மீன் தலையைத் தூக்கிப் பாடும் என்று நினைத்துப் பகல் பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைகளோடு பாலத்தில் நின்றது இன்னொரு குடும்பம். நிலாக் காலத்து இரவில், தோணியில் போய், துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்கும் சங்கதி அது என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? 19 ஆம் நூற்றாண்டில் எமர்சன் டெனன்ற் என்ற பிரித்தானிய அதிகாரி அதைப் படகில் போய்க் கேட்டுத் தன் நூலில் எழுதினார். சத்தம் போடுவது மீன் அல்ல, ஊரி என்று அன்றைக்கே நம் மீனவர்கள் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

பேரீச்ச மரம் பிளாஸ்டிக்கா என்று மரத்தைத் தட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. வெள்ளிக்கிழமை நண்பகலில் கடைகள் பூட்டிக் கிடப்பதைக் கண்டு, ஹர்த்தால் என்று பயந்து வேனைத் திருப்பியவர்களும் உண்டு. டிசம்பரில் காலியிலும் ஹிக்கடுவையிலும் கடல் அமைதி என்பதால் பாசிக்குடாவும் அப்படித்தான் என்று நம்பி வந்து, வடகீழ்ப் பருவ மழையில் நான்கு நாள் அறைக்குள் இருந்துவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர்! நம் பக்கத்துக் காலம் சித்திரை முதல் புரட்டாசி வரை என்று ஒரு வரி சொல்ல ஆளில்லை.

இந்தக் கேள்விகளுக்கு நாம் என்ன செய்கிறோம்? பாதிப் பேர் சிரிக்கிறோம். மீதிப் பேர், “பார்ட்டி புதுசு” என்று விலையைக் கூட்டிச் சொல்கிறோம். இரண்டாவது செயலுக்கு வேறு பெயர் உண்டு, அதை நான் எழுதத் தேவையில்லை. தானியக் குவியலுக்குள் கையை விட்டு உள்ளே ஈரத்தைக் கண்டுபிடித்த நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கை நம் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவனின் தெரியாமையை விற்றுத் தின்பதும் அந்த ஈரத் தானியந்தான்.

முதலாவதைப் பற்றியும் நமக்கு முன்மாதிரி இருக்கிறது. ஒரு நாட்டுப்புற அரபி மதீனாப் பள்ளிவாசலுக்குள் சிறுநீர் கழிக்கத் தொடங்கியபோது ஸஹாபாக்கள் விரட்ட எழுந்தார்கள். நபியவர்கள் தடுத்தார்கள். அவர் முடிக்கும் வரை விட்டுவிட்டு, அந்த இடத்தில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். பள்ளிவாசல் எதற்கான இடம் என்பதைப் பிறகு அவருக்கு மென்மையாக விளக்கினார்கள். இதை விடவும் பெரிய தவறைச் செய்யும் வாடிக்கையாளர் நம் கடைக்கு வரப்போவதில்லை.

சிரிப்போடு முடியாத எண்ணங்கள்

வாயால் கேட்கப்படும் கேள்வி நல்லது. கேட்காமல் மனதில் வைத்துக்கொண்டு போகும் எண்ணம்தான் ஆபத்து. அந்தச் சென்னைச் சிலை மனிதர் விடயத்திலேயே பாருங்கள். 2020 இல் கொரோனாக் காலத்தில் அவர் இறந்துவிட்டார் என்று வட்ஸ்அப்பில் வதந்தி பறந்தது. அவர் உயிரோடுதான் இருந்தார். ஆயிரம் பேர் அனுதாபம் எழுதினார்கள், ஒருவர் கூட விசாரிக்கவில்லை.

நம் சமூகம் இதற்குக் கொடுத்த விலை பெரிது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் சாப்பிட வந்தவர்கள், கறியில் கிடந்த மாக்கட்டியைக் காட்டி, இது கருத்தடை மாத்திரையா என்று சண்டை பிடித்தார்கள். லாச்சியில் இருந்தவருக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது. கூட்டம் சூழ்ந்து மிரட்ட, பயத்தில் ஆமாம் என்று தலையாட்டிவிட்டார். அது கைப்பேசியில் பதிவாகி நாடு முழுவதும் பரவியது. அன்றிரவே கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாச்சத்துத்தான் என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். அப்படி உணவில் போடும் கருத்தடை மாத்திரை உலகத்தில் எங்குமே இல்லை. ஆனால் அறிக்கை வந்து சேர்ந்தபோது சாம்பல் ஆறிப் போயிருந்தது.

குற்றம் தாக்கியவர்களுடையது, அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஒரு மொழி தெரியாதது குற்றமும் அல்ல. ஆனாலும் வியாபாரியாக என் மனம் கேட்கிறது: அந்த லாச்சியில் நன்றாகச் சிங்களம் பேசும் ஒருவர் இருந்திருந்தால்?

2019 ஏப்ரல் 21 ஆம் திகதிக்குப் பிறகு வந்த நாட்களை நான் விவரிக்கப் போவதில்லை. ஒரு சிறு கூட்டம் செய்த பெரும் பாவத்துக்காகக் காத்தான்குடி என்ற பெயரே பயமுறுத்தும் சொல்லாகிவிட்டது. வெளியூர் வாகனங்கள் நம் வீதியில் நிற்காமல் போயின. பல மாதம் கழித்து ஒரு நாள், தண்ணீர்ப் போத்தல் வாங்க வழி கேட்டு ஒரு சிங்களக் குடும்பம் என் கடை வாசலில் நின்றது. அந்தத் தாய் தயங்கித் தயங்கி, “இங்கே இறங்கினால் பிரச்சினை இல்லையா?” என்று கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. பிறந்து வளர்ந்த என் ஊரைப் பற்றி இப்படி ஒரு கேள்வியா? ஆனால் அந்தக் கணத்தில் எனக்கு ஞாபகம் வந்தது சென்னையில் சிரிக்காமல் பதில் சொன்ன அந்த ஊழியரின் முகம்தான். “இறங்குங்க நோனா, பிள்ளைகள் நிழலில் இருக்கட்டும்” என்று ஸ்டூலை எடுத்துப் போட்டுத் தேநீர் வரவழைத்தேன். அவர் அன்றைக்கு இரண்டு படுக்கை விரிப்பு வாங்கினார். அது பெரிய வியாபாரம் அல்ல. அடுத்த வருடம் தன் அக்காவின் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அக்கா கேள்வி எதுவும் கேட்கவில்லை. தங்கச்சி அவருக்கு முன்னரே பதில் சொல்லியிருந்தார்.

என்ன செய்யலாம்?

“நமக்கு ஊர்ச் சனமே போதும், போகிற வருகிறவனுக்கு எதற்கு இந்தப் பாடு?” என்று சில முதலாளிமார் கேட்பார்கள். ஒவ்வொரு குறுக்குத் தெருவிலும் ஒரே சாமானுக்கு ஆறு கடை இருக்கும் ஊரில், ஊர்ச் சனத்தின் காசை நாமே மாறி மாறி எண்ணிக்கொண்டிருக்கிறோம். வெளியிலிருந்து வருகிற காசுதான் ஊரை வளர்க்கும். அதற்குப் பெரிய முதல் தேவையில்லை.

வெள்ளிக்கிழமை கடையைப் பூட்டும்போது, “ஜும்ஆத் தொழுகை, 2 மணிக்குத் திறக்கும்” என்று மூன்று மொழியிலும் ஒரு மட்டையைத் தொங்க விடுங்கள். சாமானில் விலையை ஒட்டுங்கள். விலை எழுதியிருக்கும் கடையில் வெளியூரான் பயமில்லாமல் நுழைவான். லாச்சியில் சிங்களம் பேசக்கூடிய ஒருவரையாவது வையுங்கள். ஆளில்லாவிட்டால் கடைப் பையனை மாலை வகுப்புக்கு அனுப்புங்கள், காசை நீங்கள் கட்டுங்கள்.

அறிவிப்பை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். கொழும்புப் பக்கம் ஒரு நீர் விளையாட்டுப் பூங்காவுக்கு எங்கள் குடும்பத்தோடு போயிருந்தோம். பருத்தி உடுப்போடு தண்ணீரில் இறங்க முடியாது என்ற பலகை டிக்கட் வாங்கி உள்ளே போன பிறகுதான் இருந்தது. பெண்கள் அன்று முழுவதும் கரையில் குந்தியிருந்தார்கள். சட்டத்தில் பிழையில்லை, பலகை நின்ற இடம்தான் பிழை. நம் கடைகளில் “விற்ற சாமான் திருப்பி எடுக்கப்படமாட்டாது” என்பதை பில்லின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அடிக்கிறோமே, அதுவும் இதே பிழைதான்.

கடைசியாக, ஒரு கொப்பி வாங்குங்கள். வெளியூர்க்காரர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும், எவ்வளவு அசட்டுத்தனமாகத் தோன்றினாலும், அதில் எழுதுங்கள். ஒரே கேள்வி மூன்று தடவை வந்தால், பிழை கேட்பவரிடம் இல்லை, நம் வாசலில் இருக்கிறது.

அதிகமான சந்தேகங்களிலிருந்து விலகியிருக்கும்படி சூரத்துல் ஹுஜுராத்தில் அல்லாஹ் நமக்குக் கட்டளையிடுகிறான். பிறர் நம்மைச் சந்தேகிக்காமல் இருக்க வழி செய்து கொடுப்பதும் நம் கடமைதான் என்று நான் விளங்கிக்கொள்கிறேன். சிலைக்கு விலை கேட்டவனை அந்தப் பூங்கா சிரித்து அனுப்பியிருந்தால் நான் இரண்டாம் தடவை போயிருக்க மாட்டேன். பிறகு மூன்று முறை போனேன், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. வல்ல அல்லாஹ் நம் எல்லோருடைய வியாபாரத்திலும் பரக்கத் செய்வானாக.