மூன்று ஏக்கர் நன்செய், ஆறு ஏக்கர் புன்செய்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் இரு கல்வெட்டுகள் உள்ளன. குடவோலையில் பெயர் எழுதத் தகுதியான வயதை 919-ஆம் ஆண்டுக் கல்வெட்டு 30 முதல் 60 வரை என வகுத்தது. 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு அதை 35 முதல் 70 வரை எனத் திருத்தியது. விதியும் திருத்தமும் ஊரறியச் சுவரிலேயே இருந்தன. (பெண்களுக்கு அந்தச் சபையில் இடமில்லை என்பது வேறு.)

இன்று அரசின் நலத்திட்ட விதிகள் மென்பொருளுக்குள் செல்கின்றன. 2023 செப்டம்பர் 15-இல் காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்துக்கு ஏறத்தாழ 1.63 கோடி விண்ணப்பங்கள் வந்தன, 1.06 கோடி மகளிர் தேர்வாயினர். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குக் கீழ், மின்நுகர்வு ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குக் குறைவு, நன்செய் ஐந்து ஏக்கருக்குக் குறைவு அல்லது புன்செய் பத்து ஏக்கருக்குக் குறைவு என்பவை நிபந்தனைகள். கணினியில் ஒரு வரி பிசகினால், ஒரு குடும்பம் மாதம் ஆயிரம் ரூபாயை இழக்கும்.

இத்தகைய மென்பொருளைச் சோதிக்க மனிதர் கையால் எழுதும் மாதிரிகள் அவரவர் கற்பனைக்கு எட்டியவையே. பரிணாம அல்காரிதம் வேறு வழியில் செல்கிறது. 1975-இல் ஜான் ஹாலண்ட் எழுதிய நூலால் பரவலான கருத்து அது. முதலில் மனம்போன போக்கில் சில மாதிரிகள். அவற்றுள் இதுவரை சோதிக்கப்படாத கிளையை நெருங்குபவை தேர்ந்தெடுக்கப்பட்டு, கலக்கப்பட்டு, சிறிது மாற்றப்படுகின்றன. 1,000 யூனிட்டைவிட 3,500 எல்லைக்கு அருகில். சில தலைமுறைகளில் 3,599, 3,600, 3,601 தாமாகவே வந்துவிடும். ஃபிரேசர், அர்குரி ஆகியோர் 2011-இல் அறிமுகப்படுத்திய ‘எவோசூட்’ ஜாவா நிரல்களுக்கு இதைச் செய்கிறது. சலிப்பூட்டும் வேலையை இயந்திரம் ஏற்பதில் எனக்கு வருத்தமில்லை. சென்னை நிறுவனங்களில் சோதனைப் பணியை நம்பிச் செல்லும் நம் மாவட்டப் பட்டதாரிகளுக்கு அது கவலைதான்.

ஆனால் கேள்வியை உருவாக்கும் இக்கருவிக்குச் சரியான விடை தெரியாது. நிரல் இப்போது தரும் விடையையே அது எதிர்பார்க்கும் விடையாகக் குறித்துக்கொள்கிறது. நிரல் தவறென்றால் அந்தத் தவறே அளவுகோலாகிவிடும்.

உத்திரமேரூர் வட்டாரத்தில் ஏரிப்பாசன நன்செயும் மானாவாரிப் புன்செயும் சேர்ந்தே வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. மூன்று ஏக்கர் நன்செயும் ஆறு ஏக்கர் புன்செயும் உடையவர் தகுதியுள்ளவரா? தனித்தனியே பார்த்தால் ஆம். ஓர் ஏக்கர் நன்செய்க்கு இரண்டு ஏக்கர் புன்செய் எனக் கணக்கிட்டால் அது ஆறு ஏக்கர் நன்செய்க்குச் சமம், ஆகவே இல்லை. விதியிலுள்ள ‘அல்லது’ என்ற ஒரு சொல் இரண்டுக்கும் இடம் தருகிறது. எதைக் கொள்வது என்பது நிரலாளர் தம் மேசையில் தீர்க்க வேண்டிய விஷயமன்று.

எல்லைக்கோட்டு மாதிரிகளை இயந்திரம் திரட்டட்டும். ஒவ்வொன்றுக்கும் உரிய விடையைத் துறை எழுத்தில் தந்து, விடைகளோடு அப்பட்டியலை வெளியிட வேண்டும். விதி திருத்தப்படும்போதெல்லாம் பட்டியலும் திருத்தப்பட வேண்டும். தமிழில் அச்சிட்டு அக்டோபர் 2 கிராம சபையில் வைத்தால், இயந்திரத்துக்குத் தோன்றாத இரண்டொரு மாதிரிகளை அங்கு வரும் பெண்களே சொல்லக்கூடும்.