கையெழுத்து யாருடையது?

'அடங்க மறு, அத்துமீறு' என்று சேரிச் சுவர்களில் எழுதிய இயக்கம் 1999 வரை தேர்தலைப் புறக்கணித்தது. 2001இல் அதன் தலைவர் தொல். திருமாவளவன் எங்கள் கடலூர் மாவட்டத்து மங்களூர் தனித் தொகுதியிலிருந்து சட்டமன்றம் போனார். வயசு நாற்பதுகூட ஆகவில்லை. போனது உதயசூரியன் சின்னத்தில்.

நான் வங்கிக் குமாஸ்தா. எனக்கு இது இப்படித்தான் புரியுது: பாஸ்புக் நம்ம பேர்ல, பணமும் நம்மது, எடுக்கணும்னா மட்டும் இன்னொருத்தர் கையெழுத்து. 1985இன் கட்சித்தாவல் தடைச் சட்டப்படி, எந்தச் சின்னத்தில் ஜெயித்தாரோ அந்தக் கட்சியின் ஆள்தான் அவர். கொறடா சொன்ன பக்கம் ஓட்டுப் போடலைன்னா பதவி பறிபோகலாம். பஞ்சமி நில மீட்பு, பாப்பாபட்டி - கீரிப்பட்டியில் தலித் ஒருவர் ஊராட்சித் தலைவராக முடியாத கொடுமை, இதையெல்லாம் யார் தயவில் பேசுவது?

2004 பிப்ரவரியில், பதவிக்காலம் இரண்டு வருசத்துக்கு மேல் மிச்சமிருக்க, உறுப்பினர் பதவியை வீசி எறிந்தார். பிழைக்கத் தெரியாத காரியம்தான்; எனக்குப் பிடித்த காரியமும் அதுதான்.

2021இல் பானைச் சின்னத்திலேயே நான்கு பேர் ஜெயித்தார்கள். அதில் நாகப்பட்டினமும் திருப்போரூரும் பொதுத் தொகுதிகள். லேசுப்பட்ட விசயமில்லை. ஆனால் 1892 அரசாணையில் நமக்கென ஒதுக்கிய நிலம் இன்னும் யார் யார் பட்டாவிலோ கிடக்கிறது.

மாணவத் தோழர்களே, எந்தச் சின்னம் சேரிக்குள் வந்தாலும் நிறுத்திக் கேளுங்கள்: ஊர்வாரியாகப் பஞ்சமி நிலப் பட்டியலைச் சபையில் வைக்கச் சொல்வாயா? கூட்டணித் தலைமை முறைத்தால் நிற்பாயா, உட்கார்ந்துவிடுவாயா?