கோடு எழுதித் தரும் ஏஐ: 'ஓப்பன் சோர்ஸ்'னு போட்டிருந்தா போதுமா?

ஒரு ஃபங்ஷனின் பெயரை டைப் செய்கிறீர்கள். கண் இமைப்பதற்குள் மீதி ஐந்து வரிகள் சாம்பல் நிறத்தில் வந்து நிற்கின்றன. டேப் கீயைத் தட்டினால் முடிந்தது வேலை. 2021 ஜூனில் கிட்ஹப் கோபைலட் முன்னோட்டமாக வெளியானபோது வாய் பிளக்க வைத்த இந்த விஷயம், இன்று மொபைல் கீபோர்டில் அடுத்த வார்த்தை வருவது மாதிரி பழகிப்போய்விட்டது.

ஆனால், அந்தச் சாம்பல் வரிகள் வருவதற்கு முன் ஒன்று நடக்கிறது. கர்சருக்கு மேலே இருக்கும் கோடு, கீழே இருக்கும் கோடு, பல நேரம் பக்கத்து டேபில் திறந்திருக்கும் ஃபைலின் சில பகுதிகள்... எல்லாம் சேர்ந்து எங்கோ இருக்கும் ஒரு சர்வருக்குப் போகின்றன. சொந்த புராஜெக்ட் என்றால் பரவாயில்லை. அதுவே ஒரு வங்கியின் பணப் பரிமாற்ற கோடு என்றால்? வேலைக்குச் சேர்ந்த அன்று படிக்காமலே கையெழுத்துப் போட்ட ரகசிய ஒப்பந்தம் அப்போதுதான் ஞாபகத்துக்கு வரும்.

2023-ல் சாம்சங் ஊழியர்கள் சிலர் நிறுவனத்தின் கோடை சாட்ஜிபிடியில் பேஸ்ட் செய்தது தெரியவந்து, ஊழியர்கள் இத்தகைய ஏஐ கருவிகளைப் பயன்படுத்தவே அந்த நிறுவனம் தடை போட்டது. அங்கே அவர்கள் தாங்களே காப்பி, பேஸ்ட் செய்தார்கள். ஆட்டோகம்ப்ளீட்டில் அந்தச் சிரமம்கூட கிடையாது. டைப் செய்யச் செய்ய, தானாகவே போய்க்கொண்டிருக்கும். 'உங்கள் கோடை வைத்துப் பயிற்சி கொடுக்க மாட்டோம்' என்று நிறுவனங்களுக்கான கட்டணத் திட்டங்களில் உறுதி தருகிறார்கள்தான். அந்த உறுதியை உங்கள் கிளையண்ட் ஏற்றுக்கொண்டாரா என்பது வேறு கேள்வி.

இதற்கு மாற்றாக ஓப்பன் சோர்ஸ் கருவிகள் இருக்கின்றன, நன்றாகவும் இருக்கின்றன. ஆனால் 'ஓப்பன் சோர்ஸ்தானே, சேஃப்தான்' என்று நம்பி இன்ஸ்டால் செய்வதில்தான் சிக்கல்.

எது ஓப்பன், எது இல்லை?

ஒரு ஆட்டோகம்ப்ளீட் கருவியில் மூன்று பாகங்கள் உண்டு. விஎஸ் கோடு போன்ற எடிட்டரில் நாம் போடும் எக்ஸ்டென்ஷன். அடுத்த வரியை யூகிக்கும் ஏஐ மாடல். அந்த மாடல் ஓடும் கம்ப்யூட்டர். முதல் பாகம் மட்டும் ஓப்பனாக இருந்தாலும் 'ஓப்பன் சோர்ஸ்' என்று பெயர் வந்துவிடும்.

நல்ல உதாரணம் கோபைலட்டேதான். அதன் சாட் எக்ஸ்டென்ஷனை 2025-ல் எம்ஐடி லைசென்ஸில் மைக்ரோசாஃப்ட் திறந்துவிட்டது. வரவேற்க வேண்டிய விஷயம். ஆனால் அதனால் உங்கள் கோடு வெளியே போவது நிற்கவில்லை. மாடல் இன்னமும் கிளவுடில்தான் இருக்கிறது.

'கன்டினியூ' என்ற எக்ஸ்டென்ஷனையும் பாருங்கள். அப்பாச்சி 2.0 லைசென்ஸ், விஎஸ் கோடு, ஜெட்பிரெய்ன்ஸ் இரண்டிலும் ஓடும், எந்த மாடலை வேண்டுமானாலும் இணைக்கலாம். டெவலப்பர்களுக்குப் பிடிக்கக் காரணமே அந்த சுதந்திரம்தான். ஆட்டோகம்ப்ளீட்டுக்காக அதில் பலரும் இணைத்துக்கொண்டது பிரான்ஸின் மிஸ்ட்ரல் நிறுவனத்தின் கோட்ஸ்ட்ரல் மாடலை. அதை ஏபிஐ கீ போட்டு இணைத்தால், உங்கள் கோடு போய்ச் சேருவது மிஸ்ட்ரலின் சர்வருக்கு. எக்ஸ்டென்ஷன் நூற்றுக்கு நூறு ஓப்பன், கோடு மட்டும் வெளியே!

சந்தேகமாக இருந்தால் எளிய டெஸ்ட் ஒன்று உண்டு. வைஃபையை ஆஃப் பண்ணிட்டு டைப் பண்ணிப் பாருங்க. சாம்பல் வரிகள் அப்போதும் வந்தால் மாடல் உங்கள் மெஷினிலேயே ஓடுகிறது. வரவில்லை என்றால் கோடு எங்கோ போய்வந்துகொண்டிருக்கிறது; எங்கே என்று கண்டுபிடியுங்கள். பயன்பாட்டுத் தரவு அனுப்பும் டெலிமெட்ரி இதில் தெரியாது. அதை செட்டிங்ஸில் தனியாகப் பார்த்து அணைக்க வேண்டும்.

லேப்டாப் தாங்குமா?

வைஃபை இல்லாமல் ஓட வேண்டும் என்றால் மாடலை டவுன்லோட் செய்ய வேண்டும். ஒல்லாமா என்ற இலவசக் கருவி இதைச் சுலபமாக்கிவிட்டது. எந்த மாடல் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். சாட் செய்ய நன்றாக இருக்கும் மாடலை ஆட்டோகம்ப்ளீட்டுக்குப் போட்டு, 'கேவலமா இருக்கு' என்று அன்இன்ஸ்டால் செய்துவிடுவார்கள்.

இரண்டும் வேறு வேலை. சாட் மாடல் கேள்விக்குப் பதில் சொல்லப் பழகியது. ஆட்டோகம்ப்ளீட்டில் கர்சருக்கு முன்னாலும் கோடு இருக்கும், பின்னாலும் இருக்கும். நடுவில் உள்ள ஓட்டையை மட்டும் அடைக்க வேண்டும். பரீட்சையில் கோடிட்ட இடத்தை நிரப்புவது மாதிரி. இதற்கென்றே பயிற்சி பெற்ற மாடல்கள் வேண்டும். ஸ்டார்கோடர் 2, டீப்சீக் கோடர், குவென் 2.5 கோடர் ஆகியவை அந்த வகை.

இன்னொன்று வேகம். சாட்டில் பத்து நொடி காத்திருப்போம். ஆட்டோகம்ப்ளீட் ஒரு நொடி தாமதித்தாலே நாம் அந்த வரியை டைப் செய்து முடித்திருப்போம். அதனால் இங்கே பெரிய மாடலைவிட, சட்டென்று பதில் தரும் சின்ன மாடலே மேல். குவென் 2.5 கோடரின் 1.5 பில்லியன் அளவு, ஒல்லாமாவில் சுமார் 1 ஜிபி. 7 பில்லியன் அளவு, சுமார் 4.7 ஜிபி. குரோமும் டீம்ஸும் திறந்தாலே ஃபேன் அலறும் 8 ஜிபி ரேம் ஆபீஸ் லேப்டாப்பில் இரண்டாவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். 16 ஜிபி உள்ள எம் சீரிஸ் மேக் அல்லது தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் 7 பில்லியனை முயலலாம்.

கன்டினியூவின் செட்டிங்ஸ் ஃபைலோடு மல்லுக்கட்டப் பிடிக்காதவர்களுக்கு, லாமா.சிபிபி குழுவினரின் லாமா.விஎஸ்கோடு இருக்கிறது. சாட், ஏஜென்ட் எல்லாம் பெரிதாகத் தேவையில்லை, ஆட்டோகம்ப்ளீட் மட்டும் போதும் என்பவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

சின்ன மாடலிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் மாதிரி பொதுவெளியில் கோடு கொட்டிக்கிடக்கும் மொழிகளில், லூப், டெஸ்ட் கேஸ், எரர் ஹேண்ட்லிங் போன்றவற்றை நன்றாகவே தரும். உங்கள் புராஜெக்ட்டுக்குள் மட்டும் இருக்கும் ஃபங்ஷன்களை அதற்குத் தெரியாது. இல்லாத ஒன்றை இருப்பது போல நம்பிக்கையாக எழுதிக் கொடுக்கும். இந்த விஷயத்தில் கிளவுடில் ஓடும் பெரிய மாடல்கள் முன்னேதான் நிற்கின்றன.

டீமா இருந்தா?

பத்து பேர் கொண்ட டீமில் ஆளாளுக்கு லேப்டாப்பைச் சூடாக்குவதற்குப் பதில், ஆபீஸுக்குள்ளேயே ஒரு சர்வரில் மாடலை ஓடவிட்டு எல்லோரும் பகிர்ந்துகொள்ளலாம். 'டேபி' அதற்காகவே உருவானது. ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது. உங்கள் ரெபாசிட்டரிகளை இன்டெக்ஸ் செய்துகொள்வதால், புராஜெக்ட்டுக்குள் இருக்கும் ஃபங்ஷன்களையும் ஓரளவு சரியாகச் சொல்லும். 1 முதல் 3 பில்லியன் அளவு மாடல்களுக்கு என்விடியா டி4 போன்ற கார்டு போதும் என்கிறது அதன் வழிகாட்டி. இதிலும் பெரிய நிறுவனங்களுக்கான சில வசதிகள் தனி லைசென்ஸில் வருகின்றன.

லைசென்ஸ்ல ஒரு கண்

டவுன்லோட் செய்ய முடிகிற மாடல் எல்லாம் ஆபீஸ் வேலைக்குப் பயன்படுத்தலாம் என்று அர்த்தம் இல்லை. 2024 மே மாதம் வந்த கோட்ஸ்ட்ரல் 22பி-யை யாரும் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அதன் லைசென்ஸ் வணிகப் பயன்பாட்டை அனுமதிக்கவில்லை. குவென் 2.5 கோடரில் இன்னும் வேடிக்கை. 1.5 பில்லியனும் 7 பில்லியனும் அப்பாச்சி 2.0. நடுவில் இருக்கும் 3 பில்லியன் மட்டும் ஆராய்ச்சிக்கான லைசென்ஸ். ஒரே குடும்பம், ஒரே பெயர், விதி வேறு! 'ரெண்டுக்கும் நடுவுல இதைப் போடுவோம்' என்று தேர்ந்தெடுத்தால் மாட்டிக்கொள்வது நாம்தான்.

எந்த கோடை வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள் என்பதிலும் வித்தியாசம் உண்டு. 2022 நவம்பரில் கோபைலட்டுக்கு எதிராக அமெரிக்காவில் வழக்கு வந்ததே இந்தக் கேள்வியில்தான். ஹக்கிங் ஃபேஸும் சர்வீஸ்நவ்வும் முன்னின்று நடத்திய பிக்கோடு திட்டத்தின் ஸ்டார்கோடர் இங்கே தனித்து நிற்கிறது. பயிற்சித் தரவையே வெளியிட்டார்கள். 'என் கோடு அதில் இருக்கிறதா' என்று பார்க்கவும், நீக்கச் சொல்லவும் வழி வைத்தார்கள். தரத்தில் இன்று குவென் முந்திவிட்டாலும், வெளிப்படைத்தன்மையில் எங்கள் மதிப்பெண் ஸ்டார்கோடருக்கே.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், ஆபீஸ் லேப்டாப்பில் போடுவதற்கு முன் அனுமதி கேளுங்கள். டீ பிரேக்கில் வாய்வார்த்தையாக அல்ல, மெயிலில். 'கோடு இந்த மெஷினை விட்டு வெளியே போகாது, மாடலின் லைசென்ஸ் இது' என்ற இரண்டு வரிகள் அதில் இருந்தால் செக்யூரிட்டி டீமுக்கு ஓகே சொல்வது சுலபம். வீட்டில் செய்யும் சொந்த புராஜெக்ட்டை எப்படியும் கிட்ஹபில் பொதுவில்தான் போடப்போகிறீர்கள் என்றால், இத்தனை கவலை தேவையில்லை. கோபைலட்டின் இலவசத் திட்டமே போதும்.