கடகடக்குற தகடும் கொள்ளுக்கொடியும்

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. நம்ம ஜீப்பைப் பத்தி ஏற்கனவே ரெண்டு மூணு தடவை புலம்பியாச்சு, "மறுபடியுமா"ன்னு நீங்க தலையில கை வைக்கிறது தெரியுது. இது புலம்பல் இல்லை, கொஞ்சம் கோவம். அதுல பாதி என் மேலயேதான்.

வண்டி தெரியும்ல? பழைய மஹிந்திரா சிஜே-3பி, மூக்கு தூக்கலா இருக்குமே அது. டீசல் இஞ்சின் மாத்தினது. இந்த வகை ஜீப்புல டாங்கியே சீட்டுக்கு அடியிலதான். அதாவது நாம உக்காந்திருக்கறதே எண்ணெய் மேலதான். இதை ஞாபகம் வச்சுக்கங்க.

போன தை மாசம். டிரெய்லர்ல சிமெண்டு மூட்டை ஏத்திக்கிட்டு பூலாம்பாடியிலேர்ந்து மலையாளப்பட்டிப் பக்கம் போய்க்கிட்டிருந்தேன். பாரம் இழுத்து இழுத்து இஞ்சின் நல்லா சூடேறிக் கிடந்துச்சு. எங்க ஊர்ப்பக்கம் அறுவடை நேரத்துல வந்தவங்களுக்குத் தெரியும், ரோடுதான் களம். மக்காச்சோளம் ஒருபக்கம் காயும், எள்ளு ஒருபக்கம், கொள்ளுக்கொடியை ரோடு பூரா பரப்பி வச்சிருப்பாங்க. வண்டி ஏறி ஏறித்தான் கொள்ளு உதிரணும். நானும் வழக்கம்போல ஏத்தினேன். நூறடி தாண்டலை, பின்னாடி ஒரு அம்மா கத்துறாங்க: "தம்பி, வண்டியை நிறுத்து, அடியில பொகையுது!"

குனிஞ்சு பாத்தா உசுரு போயிருச்சு. கொள்ளுக்கொடி ஜாயிண்ட் ஷாஃப்ட்ல கயிறு மாதிரி முறுக்கிக்கிட்டு, சைலன்சர் குழாய்ல போய் அப்பிக் கிடக்கு. நுனி செவப்பா கனியுது. அந்தம்மா குடிக்க வச்சிருந்த குடத்துத் தண்ணியும் ரோட்டோரப் புழுதியும்தான் காப்பாத்துச்சு. அவங்க மட்டும் பாக்கலைன்னா வண்டி அன்னிக்கே போயிருக்கும். அவங்களோட ஒரு போகக் கொள்ளும் சேர்ந்து போயிருக்கும்.

இப்ப கோவத்துக்கு வர்றேன். சைலன்சர் மேல முன்னாடி ஒரு தகடு இருந்திருக்கு. துருப்பிடிச்ச கிளிப் ரெண்டு மட்டும் இன்னும் தொங்குது. ஏன் இல்லைன்னு விசாரிச்சா ஒரு மெக்கானிக் அண்ணன் சர்வ சாதாரணமா சொல்றார்: "அது கடகடன்னு சத்தம் போடும்ணே, எந்த வண்டி வந்தாலும் அதைத்தான் மொதல்ல கழட்டி எறிவோம்." சரி, அவரை மட்டும் சொல்லி என்ன பண்றது? நாலு வருஷமா அந்தக் கிளிப்பைப் பாத்துக்கிட்டே ஓட்டினவன் நான்தானே.

தகடு ஏன் கடகடக்குது? சூட்டுல இரும்பு நீளும். ஒரு மீட்டர் எஸ்எஸ் தகடு 300 டிகிரி சூடேறினா சுமார் 5 மில்லிமீட்டர் நீளும். ஓட்டையை வட்டமா போட்டு இறுக்கி முடுக்கினா அது எங்க போகும்? நெளியும், ஓட்டையைக் கிழிச்சுக்கும், அப்புறம் ஆடும். ஒரு பக்க ஓட்டையை நீள்வட்டமா போட்டு ஸ்பிரிங் வாஷர் குடுத்தா சத்தம் அடங்கிடும். பத்து நிமிஷ வேலை. அதுக்குப் பதிலா தகடையே தூக்கிப் போடுறது, அழுகுதுன்னு பிள்ளையைத் தூக்கிப் போடுற கதை.

சரி, வெறும் தகடு என்ன செஞ்சிரும்னு கேக்கலாம். சூடான குழாய் தொடாமலே சுடும், வெப்பக் கதிரா வீசும். 127 டிகிரியில இருக்கற குழாயை விட 527 டிகிரியில இருக்கறது 16 மடங்கு வீசும். நாலு மடங்குதானேன்னு நெனச்சா ஏமாந்தோம். நடுவுல பளபளன்னு ஒரு தகடு நின்னா பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிடும். தகடுக்கும் குழாய்க்கும் ஒரு விரல் கனம் இடைவெளி இருந்தா காத்து ஓடி மிச்ச சூட்டையும் எடுத்துட்டுப் போகும். அந்த இடைவெளிதான் உயிர். ஒட்டி வச்சுட்டா தகடே அடுப்பு.

மேனிஃபோல்டு பக்கத்துல அலுமினியம் வேண்டாம். அது 660 டிகிரியில உருகும், அதுக்கு முன்னாடியே தளந்துடும். அங்க எஸ்எஸ் 304. பின்னாடி சைலன்சருக்கு அலுமினியம் போதும். மிச்சம் கிடக்கற ஜிஐ ஷீட்டை வெட்டி வெல்டு பண்றவங்களுக்கு ஒரு வார்த்தை: அதுல வர்ற வெள்ளைப் புகை துத்தநாகம், மூச்சுல போனா ராத்திரி காய்ச்சல் நிச்சயம் (அனுபவம், அவ்வ்வ்).

சிலர் குழாயைச் சுத்தித் துணிநாடா சுத்தறாங்க. பாக்க ரேஸ் வண்டி மாதிரிதான் இருக்கு. ஆனா மழைத் தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கிட்டு குழாயைத் துரு தின்ன விட்டுடும். அதை விட மோசம், நம்ம பழைய வண்டிங்க எண்ணெய் சொட்டாம இருக்காது. அந்த எண்ணெய் நாடாவுல ஊறினா விளக்குத் திரி ரெடி! அந்தக் காலத்து ஆஸ்பெஸ்டாஸ் கயிறு இன்னும் சுத்தியிருந்தா பிச்சு எடுக்கறேன்னு கெளம்பிடாதீங்க. அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன்.

புது வண்டிக்காரங்க சிரிக்க வேண்டாம். 1975 மாடல்லேர்ந்து அமெரிக்கக் கார்கள்ல கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்தப்பவே காஞ்ச புல்லு மேல நிறுத்தாதேன்னு எச்சரிக்கை வந்துடுச்சு. 1995-ல நம்ம நாலு பெருநகரத்துப் புது பெட்ரோல் கார்களுக்கும் அது கட்டாயம் ஆச்சு. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்-6 டீசல் வண்டிகள்ல இருக்கற புகைக்கரி வடிகட்டி, தன்னைத் தானே சுத்தம் பண்றப்ப 600 டிகிரி வரைக்கும் போகும். என் கிழட்டு ஜீப்பை விட உங்க வண்டிக்குத்தான் கொள்ளுக்கொடி ஆபத்து.

ஒண்ணை மறைக்கக் கூடாது. சைலன்சருக்குக் கீழ தகடு போட்டா அந்த இடைவெளியிலயே சருகு போய் அடைஞ்சுக்கும். காவலுக்கு வச்ச ஆளே திருடனாயிடுவான். அதனால கீழ்த்தகடை ரெண்டு முனையும் தொறந்து, கை நுழையற மாதிரி வச்சிருக்கேன். அறுவடை மாசத்துல தினம் சாயங்காலம் ஆறினப்புறம் விரலை விட்டுத் துழாவறது வழக்கமாயிருச்சு. சீட்டுப் பக்கத்துல ஒரு கருக்கருவாளும் அஞ்சு லிட்டர் தண்ணியும் நிரந்தரம்.

"ரோட்டுல காய வைக்கறவனைப் பிடிச்சு உள்ள போடணும்"னு டவுன்ல ஒரு நண்பர் குதிச்சார். சட்டப்படி அவர் சொல்றது சரிதான். ஆனா மானாவாரியில ரெண்டு ஏக்கர் கொள்ளு போட்டவங்க அதை எங்க கொண்டு போய் அடிப்பாங்க? போதுமான உலர்களம் இல்லாத ஊர்ல விவசாயியைத் திட்டறது சுலபம். ரெண்டாயிரத்துக்குள்ள முடியற தகடை மாட்டறதுதான் நமக்குக் கஷ்டமா இருக்கு.

போன வாரம் அதே வழியா போனேன். அதே அம்மா, இந்தத் தடவை எள்ளு. வண்டியைப் பாத்ததும் குடத்தைத் தூக்கிட்டு எழுந்தாங்க. இறங்கித் தகடைக் காட்டினேன். குனிஞ்சு ரெண்டு தட்டு தட்டிப் பாத்துட்டு, "சரி, அப்ப இன்னொரு வாட்டி ஏத்திட்டுப் போ தம்பி"ன்னாங்க.