தண்ணியை அளக்கிறவன் யார்?

ஆரணிப் பட்டை ஊருலகம் அறியும். அந்தப் பட்டுக்கு நிறம் ஏற்றிய தண்ணீர் எங்கே போகிறது என்பதை அறிந்தவர்கள் நாங்கள். நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துப் பசை எடுப்பார்கள். அப்புறம் சாயத்தொட்டி. அப்புறம் கால்வாய். சின்ன வயசில் நாங்கள் கால்வாயைப் பார்த்தே "இன்னிக்குச் செவப்பு" என்று சொல்லிவிடுவோம். எங்க ஆயா கைப்பம்புத் தண்ணியை உள்ளங்கையில் ஏந்தி மோந்து பார்த்து, "இது ஆவாதுடா, அப்பால போய் எடுத்தா" என்பாள். எங்கள் சேரியில் இருந்த ஒரே கருவி அவள் மூக்குதான்.

இன்று வேறு கருவிகள் வந்துவிட்டன. தண்ணீரில் மூழ்கவிட்டால் அமிலத்தன்மை, கரைந்த ஆக்சிஜன், உப்பு, கலங்கல் எல்லாவற்றையும் அளந்து உடனுக்குடன் அனுப்பும் சென்சார்கள். அந்த எண்களோடு மழையையும் நீரோட்டத்தையும் சேர்த்து, நாளைக்குத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று கணிக்கும் கணினி மாதிரிகள். கொச்சி, விசாகப்பட்டினம் கடலில் ஐதராபாத் இன்காய்ஸ் நிறுவனம் இப்படி நீர்த்தரம் பார்க்கும் மிதவைகளை விட்டிருக்கிறது. தோல் பதனிடுதல் உட்பட 17 வகை ஆலைகள் தங்கள் கழிவைத் தாங்களே கருவி வைத்து இடைவிடாமல் அளந்து அனுப்பவேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014இல் உத்தரவிட்டது.

தோழர்களே, நான் விஞ்ஞானத்துக்கு எதிரியல்ல. ஆயாவின் மூக்குக்குக் குரோமியம் தெரியாது. என் கேள்வி வேறு. கருவியை எங்கே வைப்பது என்று தீர்மானிப்பவன் யார்? ஆலைக்காரன் காசில், ஆலைக்காரன் வாசலில் வைத்த கருவி ஆலையைத்தான் அளக்கும். சேரிக் கைப்பம்பை அளக்காது.

எங்கள் கமண்டல நாகநதி செய்யாற்றில் சேர்ந்து பாலாற்றுக்குப் போகிறது. அந்தப் பாலாற்றின் கதையைப் பாருங்கள். தோல் கழிவு பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது: கெடுத்தவன் காசு கொடு. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் கழிவுத்தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் செத்தார்கள். 2025 ஜனவரியில் அதே உச்சநீதிமன்றம் அதே ஆற்றுக்காக மறுபடியும் உத்தரவு போட்டது. எண்கள் இல்லாமலா 28 வருஷத்துக்கு மேல் போனது? எண்கள் இருந்தன. அவை நம் கையில் இல்லை.

கணினி மாதிரிக்கும் கண் கிடையாது. அளந்த இடத்தை வைத்துத்தான் அது கற்றுக்கொள்கிறது. அளக்காத தெரு அதற்கு இல்லாத தெரு. ஊருக்கு வெளியே நம்மை வைத்தவர்கள், கணக்குக்கும் வெளியே வைத்துவிடுவார்கள்.

வேங்கைவயலை மறக்க முடியுமா? 2022 டிசம்பரில் குழந்தைகளுக்கு நோய் கண்டது. அதன் பிறகுதான் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள், மலம் கிடந்தது. அங்கே நம் பிள்ளைகளின் வயிறுதான் சென்சார். 2025இல் போலீஸ் குற்றப்பத்திரிகை தலித் இளைஞர்கள் மூவர் மேலேயே பழியைப் போட்டது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. மலக்கிருமியைச் சாதாரணச் சென்சார் காட்டாது. ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்க ஒரு நாளாவது ஆகும். சாதியை எந்த ஆய்வகமும் காட்டாது.

1927 மார்ச் 20 அன்று மகாத் குளத்தில் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். பிறகு சாதி இந்துக்கள் சாணியும் மூத்திரமும் கலந்து ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். இந்த நாட்டில் எது சுத்தம், எது அசுத்தம் என்று முதலில் அளந்தது சாதிதான். அந்த அளவுகோலை அதன் கையிலிருந்து பிடுங்கவேண்டும்.

ஆகவே கேட்போம். கருவி சேரிக் குழாயிலும் வேண்டும். அது சொல்லும் எண் தமிழில், தெருமுனைப் பலகையில் எழுதப்படவேண்டும். நாளைய கணிப்பு கலெக்டர் ஆபீசுக்குப் போவதற்கு முன்னால் குடம் தூக்குகிறவளுக்கு வரவேண்டும். வேதியியல் படிக்கும் மாணவத் தோழர்களே, கல்லூரி ஆய்வகத்தில் கற்றதோடு லீவுக்குத் தெருவுக்கு வாருங்கள். ஒரு பாட்டில் தண்ணீர், தேதி, நேரம், எடுத்த இடம். ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள்.

ஆயா இப்போது இல்லை. கால்வாய் இருக்கிறது. அளக்கவேண்டியது இனி நாம்.