நிலக்கரி போகும்; நெய்வேலி எங்கே போகும்?

பழைய அனல்மின் நிலையங்களை 2030 வரை மூட வேண்டாம் என்று 2023 ஜனவரியில் மத்திய மின்சார ஆணையம் அறிவுறுத்தியது. மின்தேவை பெருகும் நாட்டில் அது புரிந்துகொள்ளத்தக்க முடிவே. ஆனால், அதைச் சாக்காக்கி, நிலக்கரியை நம்பி வாழும் ஊர்களைப் பற்றிய பேச்சையும் தள்ளிப்போடுவது பெருந்தவறு. 2070-க்குள் நிகரப் பூஜ்ய உமிழ்வு என்று 2021-இல் கிளாஸ்கோவில் இந்தியா வாக்குக் கொடுத்துவிட்டது.

வேலை குறைவது அதற்கு முன்பே தொடங்கிவிடும். நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியுடன் 1962-இல் ஓடத் தொடங்கி, 2020 செப்டம்பரில் நின்றது. அதன் 600 மெகாவாட்டுக்கு 9 அலகுகள் இருந்தன. அதற்கு மாற்றாக வந்த புதிய நிலையத்தின் 1,000 மெகாவாட்டுக்கு இரண்டே அலகுகள். ஓர் அலகின் சராசரித் திறன் 67 மெகாவாட்டிலிருந்து 500-ஆக உயர்ந்திருக்கிறது. கொதிகலன், டர்பைன், சாம்பல் அகற்றுதல் என அலகுதோறும் ஆள் வேண்டிய தொழிலில் இதன் பொருள் வெளிப்படை.

நிரந்தர ஊழியருக்கு இடமாறுதல் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளிக்கும், நிலம் கொடுத்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவருக்கும், ஷிப்ட் நேரத்தை நம்பிய டீக்கடைக்கும் அது இல்லை. 2023 ஜூலையில் நெய்வேலியை அடுத்த வளையமாதேவியில், சுரங்கப் பணிக்காக, நின்ற நெற்பயிர்மீது பொக்லைன்கள் இறங்கின. அதே மாதம் பணி நிரந்தரம் கேட்டு ஒப்பந்தத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

கைவிடப்பட்ட வட்டாரம் என்னவாகும் என்பதற்கு ஜவ்வாது மலையே சாட்சி. அங்கே நிலக்கரி இல்லை. சாமையும் புளியும் தேனும் உண்டு. காடு காப்புக்காடானது, மாற்று வேலை மலையேறி வரவில்லை. முன்பணத்தோடு வந்தவர் செம்மரம் வெட்ட ஆள் பிடிக்கும் புரோக்கர்தான். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று ஆந்திரக் காவல்துறை சுட்டுக்கொன்ற 20 பேரில் பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்ட மலையூர்க்காரர்கள். உள்ளூரில் கூலி கிடைத்திருந்தால் ஒருவரும் புரோக்கரின் பின்னால் போயிருக்க மாட்டார்.

சூரிய மின்சாரம் வேலை தரும் என்போரின் வாதம் நிற்காது. 2016-இல் திறக்கப்பட்ட 648 மெகாவாட் நிலையம் இருப்பது தொலைவிலுள்ள கமுதியில்; அங்கே தகடுகளைத் துடைப்பவை இயந்திரங்கள். நெய்வேலித் தொழிலாளிக்கு அதில் என்ன பங்கு?

வழி தெரியாத விஷயமல்ல இது. 2038-க்குள் நிலக்கரியைக் கைவிட 2020-இல் சட்டமியற்றிய ஜெர்மனி, பாதிக்கப்படும் வட்டாரங்களுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கியது. ஜார்க்கண்ட் 2022-இல் இதற்கெனத் தனிப் பணிக்குழு அமைத்தது. நெய்வேலிக்கும் அப்படியொரு குழு வேண்டும். அதில் ஒப்பந்தத் தொழிலாளருக்கு இடம் வேண்டும். ஒவ்வொரு அலகும் மூடப்படும் ஆண்டைப் பத்தாண்டு முன்னரே அறிவிக்க வேண்டும். மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியின் ஒரு பகுதியை மறுபயிற்சிக்கென இப்போதே ஒதுக்க வேண்டும். இவற்றைச் செய்யாத அரசுக்கு நிலக்கரியைக் கைவிடும் உரிமையும் இல்லை, தோண்டும் உரிமையும் இல்லை.