சிசுவின் கணப்பு

பூந்தமல்லிக் குளிரை உதகைக் குளிர் என்று எவரும் சொல்லப் போவதில்லை. ஆயினும் மார்கழி விடியலில் ஆவடி, அம்பத்தூர் ஏரிக்கரைகளில் பனி இறங்கும்போது, ஈரத் துணியில் கிடக்கும் பச்சைச் சிசுவுக்கு அந்தக் குளிரே போதும். பெரியவர்களாகிய நாம் நடுங்கி உஷ்ணம் தேடிக்கொள்கிறோம். சிசு அவ்வாறு நடுங்குவதில்லை. அதனால் அதற்குக் குளிரவில்லை என்று எண்ணிவிடலாகாது. பிடரியிலும் தோள்பட்டைகளின் நடுவிலும் உள்ள பழுப்புக் கொழுப்பே அதற்குக் கணப்பு.

ஜீவ அணுக்களில் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணிய உலைகள் உண்டு. அணைக்குப் பின்னால் நீரைத் தேக்குவதுபோல் அவை ஹைட்ரஜன் அயனிகளை ஒரு சவ்வின் பின்னே தேக்கி, மதகு வழியே விட்டு, ஏ.டி.பி. என்னும் சக்தி நாணயத்தை அச்சடிக்கின்றன. அந்த நாணயத்தை 1929-இல் ஹார்வர்டில் பிஸ்கேயுடன் சேர்ந்து பிரித்தெடுத்தவர் நமது எல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அணிந்த குற்றத்துக்காக எம்.பி.பி.எஸ். பட்டம் மறுக்கப்பட்டு, எல்.எம்.எஸ். சான்றோடு வெளியேறியவர் அவரே!

பழுப்புக் கொழுப்பின் உலைகளிலோ இரண்டாவது மதகு ஒன்று இருக்கிறது. அதன் வழியே பாய்ந்தால் நாணயம் விளையாது. சக்தி முழுவதும் உஷ்ணமாகிவிடும். வேடிக்கை யாதெனில், சாதாரண வேளையில் இம்மதகை மூடி வைத்திருப்பதே ஏ.டி.பி.யும் அதன் உறவினமும்தான். தோலில் குளிர் பட்டதும் மூளை நரம்புகளுக்குச் சேதி அனுப்ப, நரம்பு நுனிகள் நாரட்ரினலினைச் சுரக்கின்றன. கொழுப்புத் துளிகள் சிதைந்து கொழுப்பு அமிலம் வெளிப்படுகிறது. அந்த அமிலமே மதகைத் திறக்கிறது. பிறகு அதுவே விறகாகவும் எரிகிறது. கொழுப்பு வெறும் சேமிப்பு என்று நாம் வகுப்பறையில் சொல்லி வந்தது பாதிக் கதைதான். இங்கே அது கட்டளையுமாகிறது.

ஆனால் இந்தக் கணப்பு எரியப் பிராணவாயுவும் சர்க்கரையும் செலவாகின்றன. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கோ இக்கொழுப்பே சொற்பம். உடல் வெப்பம் 36.5 டிகிரி செல்ஸியஸுக்குக் கீழே இறங்குவது அதற்குப் பேராபத்து. இதனாலேயே முதற் குளியலை 24 மணி நேரமாவது ஒத்திப்போடச் சொல்லுகிறது உலக சுகாதார நிறுவனம். பிறந்தவுடன் வெந்நீர் விளாவும் பாட்டிமார் இதற்கு எளிதில் இணங்கமாட்டார்கள் என்பது நமக்குத் தெரியும். அவர்களிடம் வாதாடுவதைவிட, குழந்தையை ஈரம் போகத் துடைத்து, தலைக்குக் குல்லாய் இட்டு, தாயின் வெறும் மார்போடு அணைத்துப் போர்த்திவிடுவது நலம். 1978-இல் பொகோட்டா நகர மருத்துவர்கள் குறைமாதக் குழந்தைகளுக்குக் கைக்கொண்டதும் இம்முறையே.